கரையில் நின்றுவிடும் பெயர்

கடல் கடந்து வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் சிறு வாணிகத்தில் கை வையாதவர் மிகச் சிலரே. ஒருவர் ஊரிலிருந்து ஊறுகாய் தருவிக்கிறார். இன்னொருவர் சேலை தருவிக்கிறார். வேறொருவர் வீட்டு அடுக்களையிலேயே முறுக்குச் சுட்டு, அழகிய பெயரொன்றை அச்சிட்டு ஒட்டி, சங்கத்தின் பொங்கல் விழாவில் விற்கிறார். சரக்கு எத்தனை நாளில் வந்தது, சுங்கம் எவ்வளவு, கையில் நின்றது என்ன என்பன பற்றி நம்மவர் மணிக்கணக்கில் பேசுவர். அச்சரக்கின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் யாருடையது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதற்கு நம் உறவினர் வீட்டிலேயே சான்று கிடைத்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நாம் பிறந்து வளர்ந்த ஊர் சித்தூர். 1911 இல் தனி மாவட்டமாக அமைந்து, 1953 இல் ஆந்திரத்தோடு சேர்ந்து, 1960 இல் திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்குத் தந்து, 2022 இல் திருப்பதியைத் தனி மாவட்டமாகப் பிரித்துவிட்ட பூமி அது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்த நம் போன்றோர் அங்கே பல்லாயிரவர். அவ்வூர்ப் பக்கத்துப் பெயர்களில் தமிழுலகம் முழுவதும் அறிந்த பெயர் ஒன்றுண்டு. திருப்பதிக்கு அடுத்தபடி அதுதான். கை கால் முறிந்தவர் யாவரும் அறிவர். ‘புத்தூர் கட்டு’ என்பதே அது.

பச்சிலைச் சாறு, முட்டை வெண்கரு, மூங்கிற் பட்டை, துணி ஆகிய இவற்றைக் கொண்டு எலும்பைச் சேர்த்துக் கட்டும் அவ்வித்தை, புத்தூரை அடுத்த சிற்றூரில் ஒரு குடும்பத்தார் பல தலைமுறைகளாகச் செய்து வந்தது. இன்று சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் ‘புத்தூர் கட்டு வைத்தியசாலை’ என்ற பலகையைக் காணலாம். அவர்களுள் எத்தனை பேர் புத்தூரைக் கண்ணால் கண்டவர் என்பதை யாரே அறிவார்! இதைத் திருட்டென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நோயாளி பிழைத்தால் சரி என்பதே அக்கால வைத்தியர்களின் எண்ணம். ஆயினும் விளைவு ஒன்று உண்டு. ‘புத்தூர்’ என்ற சொல் இப்போது ஊரையும் குறிப்பதில்லை, குடும்பத்தையும் குறிப்பதில்லை. கட்டு வகையைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. அவ்வாறு ஆகிவிட்ட சொல்லை எந்த நீதிமன்றத்திலும் ஒருவர் மட்டும் தமதென்று திரும்பக் கேட்பது அரிது.

உள்நாட்டிலேயே இப்படியானால் வெளிநாட்டில் எப்படி என்பதற்கு நம் கடற்கரையின் பழைய வரலாறு ஒன்று விடை கூறுகிறது. சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளுக்கு ஐரோப்பாவில் இருந்த மோகம் சொல்லி முடியாது. தம் நாட்டு நெசவாளர் பிழைப்பதற்காகப் பிரான்சு 1686 இல் அத்துணிகளைத் தடை செய்தது. இங்கிலாந்தும் 1701 இலும் 1721 இலும் சட்டங்களால் கதவை அடைத்தது. துணியை உள்ளே விடவில்லையே தவிர, துணியின் இரகசியத்தை உள்ளே கொண்டுவர ஆட்களை விட்டிருந்தார்கள். 1734 ஆம் ஆண்டளவில் போலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு வண்ணக்காரரைத் தம் கண் முன்னே துணி எழுதச் செய்து, ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்து வைத்தார். 1742 இல் கேர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார், தம்மிடம் சமயம் தழுவிய தொழிலாளர்களிடம் கேட்டறிந்து, கடுக்காய் ஊறலிலிருந்து கடைசிச் சலவை வரை அனைத்தையும் கடிதமாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். அக்கடிதம் அச்சேறி எல்லோர் கைக்கும் போயிற்று. பிரான்சில் தடை 1759 இல் நீங்கியது. மறு ஆண்டிலேயே சூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் என்பவர் தொடங்கிய துணியச்சுச் சாலை பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. அச்சாலையின் பெயரால் வழங்கும் துணி வகை இன்றும் உண்டு. நம் வண்ணக்காரர் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பழைய கலையின் ஒரு கிளை இன்றும் ஸ்ரீகாளத்தியில் பொன்முகலி ஆற்றங்கரையில் வாழ்கிறது. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவர். மூங்கிற் குச்சியின் முனையில் துணியோ கம்பளியோ சுற்றிச் செய்த எழுதுகோலால், இரும்பும் வெல்லமும் புளித்த கருநீரைத் தொட்டுக் கோடு வரைவர். படிகாரம் தடவிய இடமே சிவப்பை ஏற்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சலவை, ஒரு வெயில். கோயில் திரைச்சீலைகளுக்காக வளர்ந்த இக்கலை நலிந்து போகும் தறுவாயில், 1950 களின் இறுதியில் அங்கே ஒரு பயிற்சி நிலையம் அமைந்ததால் பிழைத்தது. 2005-06 இல் ‘ஸ்ரீகாளத்தி கலம்காரி’ என்பது புவிசார் குறியீடாகப் பதிவு பெற்றது. அச்சுக்கட்டையால் செய்யும் மச்சிலிப்பட்டினத்துக் கலம்காரி பின்னர்த் தனியே பதிவாயிற்று.

புவிசார் குறியீடு என்பது என்ன? ஒரு பொருளின் பண்பும் புகழும் அது பிறந்த ஊரால் வந்தவையாயின், அவ்வூர்ப் பெயரை அவ்வூர் முறைப்படி செய்பவர் மட்டுமே அப்பொருளுக்கு இடலாம் என்பதே அதன் சாரம். 1999 இல் சட்டமாகி 2003 இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா முழுமைக்கும் உரிய பதிவகம் சென்னைக் கிண்டியில் இருக்கிறது. திருப்பதி இலட்டும் 2009 இல் இப்பட்டியலில் சேர்ந்தது. கோயில் பிரசாதத்தைச் சரக்கைப் போலப் பதிவு செய்வது முறையா என்று அப்போது எதிர்ப்புக் குரல் எழுந்தது. நமக்கும் அதில் சிறிது தயக்கம் உண்டு. இந்தப் பதிவு ஊராருக்கென்று வகுக்கப்பட்டது, இலட்டையோ தேவஸ்தானம் ஒன்றே செய்கிறது. ஆனால் ‘திருப்பதி இலட்டு’ என்று எழுதி நகரத்துக் கடைகளில் விற்றவரைத் தடுக்க வேறு எந்த வேலியும் இருந்திராது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பொய்யாகக் குறியீட்டை இடுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இவையெல்லாம் இந்திய எல்லைக்குள்தான். இங்கேதான் நம்மவர் பலர் ஏமாறுகிறார்கள். சென்னையில் பதிந்த ஒரு பெயர் சென்னைத் துறைமுகத்தோடு நின்றுவிடுகிறது. சரக்குக் கப்பலேறும்; பெயர் கரையிலேயே நிற்கும். போய்ச் சேரும் நாட்டில் அப்பெயருக்குத் தனியே பதிவு வேண்டும். 1995 முதல் நடப்பிலுள்ள உலக வாணிக அமைப்பின் ட்ரிப்ஸ் உடன்படிக்கை கூட, பிறந்த நாட்டில் காக்கப்படாத ஊர்ப்பெயரை மற்ற நாடுகள் காக்க வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறது. அதாவது, வீட்டில் பதிவு செய்வது முதற்படி. அதுவே கடைசிப்படி என்று எண்ணிவிடலாகாது. டார்ஜிலிங் தேயிலையார் இந்தியாவில் முதலாவதாகப் பதிந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் தனியே விண்ணப்பித்து, 2011 இல்தான் அங்கே பாதுகாப்புப் பெற்றனர். மஞ்சளுக்கு அமெரிக்காவில் 1995 இல் தந்த காப்புரிமையை இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் வாதாடி 1997 இல் நீக்கிய செய்தி நம் இல்லங்களில் பெருமையாகப் பேசப்படுவது. ஆனால் அது புதுமை உண்டா இல்லையா என்ற வழக்கு. பழைய நூல்களைக் காட்டி வென்றனர். பெயர் வழக்கில் பழமையைக் காட்டுவது மட்டும் போதாது. அந்த நாட்டில் அப்பெயர் அறியப்பட்டிருந்ததா என்றே கேட்பார்கள்.

இந்த விதி ஏழைக்கு மட்டும் உரியதன்று. டொயோட்டா என்ற ஜப்பானியப் பெருநிறுவனம் ‘பிரியஸ்’ என்ற காரை 1997 இல் தன் நாட்டில் வெளியிட்டது. இந்தியாவில் மோட்டார் உதிரிப் பொருள் செய்த ஒரு கம்பெனி 2002 இல் அதே பெயரை இங்கே பதிந்துகொண்டது. டொயோட்டா வழக்குத் தொடுத்தது. 2017 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம், 2001 ஆம் ஆண்டில் இந்திய மக்களிடையே அப்பெயருக்குப் போதிய புகழ் இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று சொல்லி, ஜப்பானியரைத் திருப்பி அனுப்பிவிட்டது. டொயோட்டாவுக்கே இக்கதியென்றால், சித்தூர்ச் சந்தைப்பேட்டையில் பத்துப் பேர் வைத்து ஊறுகாய் போடுபவருக்கு வெளிநாட்டு நீதிமன்றம் எவ்வளவு இரங்கும் என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இனி, முன்னர்க் குறித்த உறவினர் செய்திக்கு வருவோம். அவர் நம் சிற்றப்பாவின் மகன். அவருடைய தாயார், நமக்குச் சிற்றன்னை, போடும் மாங்காய் ஊறுகாய் எங்கள் தெருவில் பெயர் பெற்றது. பெயர் பெற்றது என்றால், உண்மையிலேயே அவர் பெயரால் கேட்டு வாங்குவார்கள். மகன் தலையெடுத்ததும் அதையே தொழிலாக்கி, சீசாவின் மேல் தாயின் பெயரை இட்டு, ஓவியர் ஒருவரைக் கொண்டு தாயின் முகத்தையும் வரைவித்து, சென்னையில் வணிகக் குறியாகவும் பதிந்தார். கீழைக் கடலோர நாடொன்றில் இருந்த ஒரு முகவர் அதைத் தருவித்து நான்கைந்து ஆண்டுகள் நன்றாகவே விற்றார். விலைப் பேச்சில் மனத்தாங்கல் வந்து, மகன் வேறொரு முகவரை நாடினார். புதியவருக்குப் போன முதற் பெட்டகமே நின்றது. அந்த நாட்டுப் பதிவேட்டில் சிற்றன்னையின் பெயர் பழைய முகவரின் பெயரில் மூன்றாண்டுகளுக்கு முன்பே பதிவாகியிருந்தது!

இதற்குப் பரிகாரம் சட்டத்தில் இல்லாமல் இல்லை. 1883 இல் தோன்றிய பாரிஸ் உடன்படிக்கையில் 1958 இல் லிஸ்பனில் சேர்க்கப்பட்ட ஒரு விதி, முகவர் உரியவரின் ஒப்புதலின்றித் தம் பெயரில் குறியைப் பதிந்தால், உரியவர் அதை நீக்கவோ தமக்கு மாற்றித் தரவோ கேட்கலாம் என்கிறது. இந்தியா அவ்வுடன்படிக்கையில் 1998 இல் சேர்ந்தது. அந்த நாடும் உறுப்பு நாடே. ஆனால் ‘ஒப்புதலின்றி’ என்ற சொல்லில்தான் கதை திரும்பிற்று. வாணிகம் தொடங்கிய காலத்தில் மகன் எழுதிய ஒரு கடிதத்தில், “பதிவு முதலிய அலுவல்களை அங்கே தாங்களே கவனித்துக்கொள்ள வேண்டுகிறேன்” என்றொரு வரி இருந்தது. உணவுத் துறையில் செய்ய வேண்டிய பதிவை எண்ணி எழுதிய வரி அது. முகவர் அதையே எடுத்து ஒப்புதலாகக் காட்டினார். வழக்காடினால் மூன்றாண்டு இலாபம் வழக்கறிஞர் கூலிக்குப் போகும் என்று கணக்கிட்டு, மகன் பெயரைக் கைவிட்டார்.

முகம் மட்டும் திரும்பி வந்தது. ஓவியத்தின் உரிமை பெயரின் உரிமையைப் போன்றதன்று. பெர்ன் உடன்படிக்கையால் அது பதிவில்லாமலே உறுப்பு நாடுகள் அனைத்திலும் செல்லும். இந்தியா 1928 முதல் அதில் உண்டு. ஆனால் அங்கும் ஒரு முடிச்சு இருந்தது. ஓவியர் கூலி வாங்கிக்கொண்டு எழுதித் தந்த சீட்டில் எந்தெந்த நாட்டுக்கு, எத்தனை காலத்துக்கு என்று எழுதவில்லை. நம் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்துமூலமான ஒப்படைப்பில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ஆகவே கடலுக்கு அப்பால் அம்முகத்தின் உரிமை இன்னும் ஓவியரிடமே இருந்தது. அவர் நல்ல மனிதர். ‘உலக நாடுகள் அனைத்துக்கும், உரிமை உள்ள காலம் முழுமைக்கும்’ என்று புதிதாக எழுதிக் கையெழுத்திட்டார். அதைக் கொண்டு விடுத்த அறிவிப்புக்குப் பின்னர்ச் சில மாதங்களில் பழைய முகவர் சீசாவிலிருந்து படத்தை நீக்கினார்.

செய்தியைச் சொன்னபோது சிற்றன்னை சிரித்தார். “எம் பேரை எடுத்துக்கினு பூட்டான். மூஞ்சியாவது நம்மகிட்டயே இருக்குதே, வுடு” என்றார். ஆயினும் பிறகொரு நாள் அந்த நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அச்சீசா ஒன்றைக் கொணர்ந்தபோது, அவர் ஒரு துண்டை நாவில் வைத்துப் பார்த்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. கடுகு சரியாக வறுபடவில்லை என்பது மட்டும் கடைசியில் சொன்னது. அவர் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. அந்த நாட்டில் அதை ஊறுகாயின் மேல் எழுதும் உரிமை இன்றும் வேறொருவருடையது.

நிற்க. இப்படி நேராதிருக்க வழி என்ன? முதலாவது, பதிவு உற்பத்தியாளர் பெயரிலேயே இருக்க வேண்டும்; முகவரோடு எழுதும் உடன்படிக்கையில் ‘பெயர் எம்முடையது, விற்கும் காலம் வரை தாங்கள் வழங்கிக்கொள்ளலாம், விற்பனை நின்றால் வழக்கும் நிற்கும்’ என்று ஒரு வரி வேண்டும். அந்த வரிக்குச் செலவில்லை. பதிவுக்குச் செலவு உண்டு, ஆனால் நம்மவர் அஞ்சுமளவு இல்லை. இந்தியாவில் தனி ஒருவரோ சிறு தொழிலகமோ இணைய வழியில் ஒரு வகைக்கு விண்ணப்பிக்க 2017 ஆம் ஆண்டு விதிகள் குறித்த கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்கலாம். ஆந்திரம் பிரிந்து எழுபது ஆண்டு கடந்தும், சித்தூர்க்காரர் பெயரைப் பதியச் சென்னைப் பதிவகத்தையே நாட வேண்டும் என்பது நமக்கு ஏனோ மகிழ்ச்சி தருகிறது!

அங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வெளிநாட்டில் விண்ணப்பித்தால், பாரிஸ் உடன்படிக்கைப்படி அதுவும் முதல் நாளிலேயே கொடுத்ததாக மதிக்கப்படும். இந்த 6 மாதம் பொன்னானது; இதற்குள் யாராவது முந்திக்கொண்டாலும் அவர் பிந்தியவரே. நாடு நாடாக வழக்கறிஞர் வைத்துத் திரிய வேண்டிய நிலையும் இப்போது இல்லை. 2013 ஜூலை 8 முதல் இந்தியா மாட்ரிட் நெறிமுறையில் சேர்ந்துவிட்டது. சென்னை விண்ணப்பத்தை அடியாக வைத்து, ஒரே மனுவில் பல நாடுகளைக் குறிக்கலாம். கறுப்பு வெள்ளைக் குறிக்கு அடிப்படைக் கட்டணம் 653 சுவிஸ் பிராங்கு; அதன் மேல் நாட்டுக்கு நாடு தனிக் கட்டணம். நம்மவர் மிகுதியாக வாழும் நாடுகளில் பிரிட்டன் 1995 இலும், சிங்கப்பூர் 2000 இலும், ஆஸ்திரேலியா 2001 இலும், அமெரிக்கா 2003 இலும், கனடாவும் மலேசியாவும் 2019 இலும், அமீரகம் 2021 இலும், மொரீசியசு 2023 இலும் அதில் சேர்ந்தன. ஒரு குறை உண்டு: முதல் 5 ஆண்டுக்குள் சென்னையில் அடிப் பதிவு விழுந்தால் அதன்மேல் கட்டிய மாடம் முழுவதும் விழும். எனவே சென்னையில் நிலைக்கக்கூடிய பெயராக இருக்க வேண்டியது இன்றியமையாதது.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்கென்றே உள்ள சங்கடம் இதில்தான். சித்தூரிலிருந்து திருப்பதி வரை சாலையின் இருமருங்கும் கடைப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் பாலாஜி, வேங்கடேசுவரா, சீனிவாசா, பத்மாவதி என்று சகஸ்ரநாமமே முடிந்துவிடும். பக்தி உயர்ந்தது, ஆனால் பெருமாள் பெயர் ஒருவர்க்கு மட்டும் உரிமையாவது எப்படி? ஊதுவத்திக்கு ‘இராமாயணம்’ என்ற பெயரைத் தமக்கே உரிமையாகக் கேட்டவருக்கு, புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015 இல் தீர்ப்பளித்தது. ஊர்ப் பெயரும் அப்படியே. சிகரெட்டுக்குச் ‘சிம்லா’ என்று பதிய விரும்பிய பெருங் கம்பெனியைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1977 இல் மறுத்தது. ஆக, தெய்வத்தின் பெயரோ ஊரின் பெயரோ மட்டும் வைத்துக்கொண்டு வெளிநாடு போகிறவர் வேலியில்லாத தோட்டத்தோடு போகிறார். வேறெவருக்கும் தோன்றாத ஒரு சொல்லை முன்னோ பின்னோ சேர்த்துக்கொள்வது நலம். கும்பிடுவதற்குச் சாமி பெயர், விற்பதற்கு வேறு பெயர் என்று வைத்தால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நம்புகிறோம்.

பெயரே இல்லாமல் விற்றால் இத்தொல்லை இல்லையே என்பாரும் உளர். சித்தூர்ப் பகுதியின் பெரிய ஏற்றுமதி அப்படித்தான் நடக்கிறது. கிளிமூக்கு மாம்பழத்தைக் கூழாக்கி, கிருமி நீக்கிய பைகளில் அடைத்து, பீப்பாய்களில் வைத்து மேற்காசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகிறார்கள். அங்கே அது வேறொருவர் பெயர் தாங்கிய சாறாகிறது, பனிக்கூழாகிறது. குடிக்கும் குழந்தைக்குச் சித்தூர் என்று ஓர் ஊர் இருப்பது தெரியாது. திருடப் பெயர் இல்லை, உண்மைதான். ஆனால் வாங்குபவர் வேண்டாம் என்றால், இந்த ஊர்க் கூழே வேண்டும் என்று கேட்பவரும் இல்லை. 2025 ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆலைகள் வாங்கத் தயங்கி விலை சரிந்தபோது, கிலோவுக்கு 4 ரூபாய் அரசு தந்து 12 ரூபாய் ஆக்க முயல வேண்டியதாயிற்று. ஆலை வாசலில் வண்டிகளோடு விவசாயிகள் காத்துக் கிடந்ததைச் செய்தித்தாள்களில் கண்டபோது, பெயரில்லாத சரக்கின் நிலை இதுவென்று நமக்குப் பட்டது. மற்றக் காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை.

இதில் வெளிநாட்டில் வாழும் நமக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. ஊரிலிருக்கும் உற்பத்தியாளர் காணாததை நாம் காண்கிறோம். எந்திரத்தில் அச்சிட்ட செயற்கை இழைத் துணியை ‘ஸ்ரீகாளத்தி கலம்காரி’ என்று விழாக் கடையில் விற்பவரும் சில வேளை நம் சங்கத்தாரே என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. கைவேலைத் துணியின் பின்புறத்தில் நிறம் ஊடுருவி நிற்கும், கோடு ஒரே சீராக இராது, பாலும் கடுக்காயும் சேர்ந்த மணம் புதுத்துணியில் இருக்கும்; வாங்குமுன் திருப்பிப் பார்க்கலாம். ஊரிலிருந்து சரக்குத் தருவிக்கும் அன்பர்களோ, “எளிதாக இருக்கட்டும், உங்கள் பெயரிலேயே பதிந்துவிடுகிறேன்” என்று யாரேனும் யோசனை சொன்னால் ஏற்க வேண்டா. உற்பத்தியாளர் பெயரில் பதிந்து, விற்கும் உரிமையைத் தாம் எழுதி வாங்கிக்கொண்டால் இருவருக்கும் போதும்.

மற்றொன்றும் செய்யலாம். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் குறித் தொகுதியையும் பல நாட்டுப் பதிவேடுகளையும் இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். நம் ஊரில் பெயர் பெற்ற ஒரு சரக்கின் பெயரை அதில் இட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். வேறொருவர் விண்ணப்பித்து அது அறிவிப்பில் இருந்தால் எதிர்க்க நாள் குறுகியது: அமெரிக்காவில் 30 நாள், பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் 2 மாதம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 3 மாதம், இந்தியாவில் 4 மாதம். ஊரிலிருப்பவருக்கு இந்த அறிவிப்பு எட்டாது. இங்கிருக்கும் நாம் எழுதினால்தான் எட்டும். சிற்றப்பா மகன் இப்போது புதிதாய்ப் புனைந்த ஒரு சொல்லைச் சென்னையில் கொடுத்துவிட்டு, 6 மாதத்துக்குள் மூன்று நாடுகளையும் குறித்து அனுப்பியிருக்கிறார். முகம் பழைய முகமே. மற்ற ஊறுகாய்க்காரர்களில் பலர் இன்னும் கேள்விப்படவே இல்லை. எங்கள் பக்கத்தில் மாங்காய்ப் பருவம் வைகாசியில் வலுக்கும். சீட்டுகளைச் சித்திரையிலேயே சிவகாசிக்கு அச்சிடக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் எழுதுவது நல்லது.